காற்றை அளப்பது எளிது. அது அள்ளும் மண்ணை அளப்பதுதான் பாடு

மே மாதக் கடைசியில் தில்லியில் ஒரே ஒரு நாள் பால்கனியைப் பெருக்காமல் விட்டால் போதும். மயூர் விஹாரானாலும் ஆர்.கே. புரமானாலும், மறுநாள் காலையில் துளசித் தொட்டி, துணிக்கொடி, ஏசிப் பெட்டியின் தலை என எல்லாவற்றின் மேலும் வெளிர் பழுப்பாக ஒரு படலம் உட்கார்ந்திருக்கும். "ஆந்தி (புழுதிப் புயல்) அடித்தது, ராஜஸ்தான் மணல் இங்கே வந்துவிட்டது" என்று பேசிக்கொள்வோம். இதில் பாதிதான் சரி. ராஜஸ்தானிலிருந்து புழுதி வரும், மணல் வராது.

இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் பக்கத்துக் கட்டுமான இடத்திலிருந்தோ யமுனைப் படுகையிலிருந்தோ வந்தது. முகப்பவுடர் போல வழுவழுவென்று இருந்தால் தொலைவிலிருந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு. உள்ளூர்ச் சாலைப் புழுதியிலும் நைசானது கலந்திருக்கும் என்பதால் 'வாய்ப்பு' என்று மட்டுமே சொல்ல முடியும்.

காரணம், துகள் கீழே விழும் வேகம். 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள மணல்மணி, நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் வேகத்தில் விழும். 10 மைக்ரான் துகள் நொடிக்கு 8 மி.மீ. அளவே இறங்கும். இரண்டையும் 500 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி, நொடிக்கு 10 மீட்டர் வேகமுள்ள காற்றில் விட்டதாக வைத்துக்கொள்வோம். மணல்மணி 17 நிமிடத்தில், 10 கி.மீ. தாண்டியதும் தரையைத் தொட்டுவிடும். நைசுத் துகளோ 17 மணி நேரம் மிதந்து 600 கி.மீ.க்கு மேல் போய்விடும். ஜைசல்மேரிலிருந்து தில்லி நேர்க்கோட்டில் சுமார் 650 கி.மீ.

ஆகவே தில்லியின் புழுதியைப் புரிந்துகொள்ள, அது கிளம்பும் இடத்தில் கருவி வைக்க வேண்டியிருக்கிறது. அங்கே காற்று எவ்வளவு அடித்தது என்று தெரிந்தால் போதாதா என்று தோன்றும். போதாது. ஒரே காற்று, புதிதாக உழுத நிலத்திலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு போகும். பக்கத்திலேயே மழை பெய்து மேல்மண் இறுகிய நிலத்திலிருந்து ஒரு துகளைக்கூடக் கிளப்பாது. காற்றையும் தரையையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அளக்க வேண்டும். காற்று மண்ணை அரிப்பதை அளக்கும் இந்தத் துறையின் தொல்லை முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ரவையும் மைதாவும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறப்பதைவிட வியப்பான விஷயம், மைதா தானாகப் பறக்காது என்பது. தட்டில் மைதாவைப் பரப்பிச் சமன்செய்து, பக்கவாட்டில் மெதுவாக ஊதிப் பாருங்கள். அவ்வளவு சீக்கிரம் அசையாது. மிக நைசான துகள்கள் ஈரப்பசையாலும் மின்னூட்டத்தாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய மணிகளை அவற்றின் எடை பிடித்து வைத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 75 முதல் 100 மைக்ரான் அளவுள்ள மணிகள்தான் காற்றுக்கு முதலில் இணங்குபவை. இப்போது அதே மைதாவின் மேல் ஒரு கைப்பிடி ரவையைச் சற்று உயரத்திலிருந்து வீசுங்கள். வெள்ளையாகத் தூசு எழும். பாலைவனத்தில் நடப்பதும் இதுதான்.

மணிகள் மூன்று விதமாக நகர்கின்றன. அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை தரையோடு உருளும். ஏறத்தாழ 0.1 முதல் 0.5 மி.மீ. வரையுள்ளவை துள்ளும்: கொஞ்சம் எழும்பி, காற்றின் வேகத்தை வாங்கிக்கொண்டு, தாழ்வான கோணத்தில் தரையில் வந்து மோதி, அங்கிருக்கும் மணிகளையும் கிளப்பிவிடும். நகரும் மண்ணின் எடையில் பாதிக்கு மேல் இந்தத் துள்ளலில்தான் போகிறது; அதிலும் பெரும்பகுதி தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்குள். துள்ளும் மணிகள் மோதும்போது விடுபடும் நைசுத் துகள்கள் மூன்றாவது வகை. அவை மிதக்கும். நம் பால்கனிக்கு வருபவை அவைதான்.

உலர்ந்த, தளர்ந்த மணல் நகரத் தொடங்க, 10 மீட்டர் உயரத்தில் காற்று நொடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர், மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் வீச வேண்டும். இந்தத் தொடக்க வேகம்தான் வாசல்; அதைத் தாண்டிவிட்டால் நகரும் மணலின் அளவு, தரையை உரசும் காற்றின் வேகத்துக்கு ஏறத்தாழ மும்மடி விகிதத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் மணல் எட்டு மடங்கு. லிபியப் பாலைவனத்தில் கார்களில் சுற்றியும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தும் இந்தக் கணக்கை நிறுவியவர் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பாக்னால்ட்; 1941இல் அவர் வெளியிட்ட முடிவுகள்தான் இன்றும் அடிப்படை.

இந்த 'மும்மடி'யை மறக்க வேண்டாம். பின்னால் வரும் பாதித் தொல்லைக்கு அதுதான் காரணம்.

கம்பமும் கிண்ணங்களும்

வானிலை அலுவலக அறிக்கைகளில் வரும் காற்றின் வேகம் 10 மீட்டர் உயரத்தில் அளந்தது. மணலுக்கு அந்த உயரத்துக் காற்றால் நேரடியாக எந்தப் பாதிப்பும் இல்லை. தரையை உரசும் காற்றுதான் வேண்டும். அதை நேரே அளப்பது கடினம் என்பதால், ஒரே கம்பத்தில் வெவ்வேறு உயரங்களில் கிண்ணங்கள் சுழலும் அனிமோமீட்டர்களைப் பொருத்தி, உயரம் கூடக் கூட வேகம் எப்படி ஏறுகிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறார்கள். கிடைக்கும் எண்ணுக்கு உராய்வுத் திசைவேகம் என்று பெயர்.

கணக்கு இவ்வளவுதான். 1 மீட்டரில் வேகம் 6.0, 4 மீட்டரில் 7.2 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1.2. அதை 0.4 என்ற மாறிலியால் பெருக்கி, உயரங்களின் விகிதமான 4இன் இயல் மடக்கையால், அதாவது 1.386ஆல் வகுத்தால் 0.35. உராய்வுத் திசைவேகம் நொடிக்கு 0.35 மீட்டர். தளர்ந்த நைசு மணலுக்கு ஏறத்தாழ 0.2 போதும் என்பதால், அங்கே மணல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது கீழே இருக்கும் அனிமோமீட்டரின் பேரிங்கில் புழுதி ஏறி, 6.0க்குப் பதில் 5.7 காட்டுகிறது. வெறும் 5 சதவீதப் பிழை; பார்க்கிறவர் கண்ணுக்கே படாது. ஆனால் வித்தியாசம் 1.2லிருந்து 1.5 ஆகிவிட்டது. உராய்வுத் திசைவேகம் 25 சதவீதம் கூடி 0.43 ஆகிறது. மும்மடியில் போட்டால் மணலின் அளவு ஏறத்தாழ இரட்டிப்பு! தரைக்கு அருகிலுள்ள கருவிதான் அதிகப் புழுதி தின்னும்; அதுதான் முதலில் தளரும்; அதன் பிழைதான் முடிவை அதிகம் கெடுக்கும். எனவே கீழ் அனிமோமீட்டரின் பேரிங்கைப் புழுதிப் பருவத்துக்கு முன்னால், மார்ச் மாதத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. மேலே இருப்பது ஆண்டுக்கொரு முறை மாற்றினால் தாங்கும்.

இன்னொரு கண்ணி, சராசரி. அளவுகளைப் பதிந்துவைக்கும் டேட்டா லாகரில் இடம் மிச்சம் பிடிக்க 10 நிமிடச் சராசரியை மட்டும் பதிவது வழக்கம். ஐந்து நிமிடம் 3 மீட்டர் வேகம், அடுத்த ஐந்து நிமிடம் 9 மீட்டர் வேகம் என்றால் சராசரி 6. வாசலிலேயே நின்றுவிடுகிறது, மணல் நகரவில்லை என்று கணக்கு சொல்லும். உண்மையில் ஐந்து நிமிடம் மணல் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். ஒரு நிமிடச் சராசரியும், அந்த நிமிடத்தின் உச்ச வீச்சும் பதிவில் இருக்க வேண்டும். நினைவக அட்டைகள் மலிவான இந்தக் காலத்தில் இதில் கஞ்சத்தனத்துக்கு நியாயமே இல்லை.

புட்டியில் மண் பிடிப்பது

காற்றை வைத்துக் கணக்கிட்டது ஒருபுறமிருக்க, உண்மையில் எவ்வளவு மண் போனது என்று பிடித்துப் பார்க்க வேண்டும். இதற்கு உலகெங்கும் புழங்கும் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, அமெரிக்காவின் டெக்சஸில் உள்ள பிக் ஸ்பிரிங் என்ற ஊரில் உருவான தகரப் பொறி. ஊரின் பெயரே அதற்கும் பெயராயிற்று. 2 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரமுள்ள வாய் வழியாக மணற்காற்று உள்ளே போகும். உள்ளே இடம் விரிவதால் வேகம் குறைந்து மண் அடியில் தங்கும். காற்று மேலே உள்ள வலை வழியாக வெளியேறும். பின்னால் ஒரு வால் தகடு, வாயைக் காற்றுக்கு எதிராகவே திருப்பி வைக்கும்.

இன்னொன்று அதைவிட மலிவானது. பிளாஸ்டிக் புட்டி, மூடியில் இரண்டு துளை, எதிரெதிர்த் திசையில் வளைந்த இரண்டு குழாய்கள். ஒன்றில் காற்று மண்ணோடு நுழையும், மண்ணைப் புட்டியில் விட்டுவிட்டு மற்றொன்றில் வெளியேறும். ஒரே கம்பத்தில் 10, 25, 50, 85 செ.மீ. உயரங்களில் நான்கு புட்டிகளைக் கட்டுவது பரவலான முறை.

8 மி.மீ. குழாய் என்றால் வாயின் பரப்பு அரை சதுர சென்டிமீட்டர். ஒரு மாதத்தில் 5 கிராம் சேர்ந்தால், அந்த உயரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிராம், சதுர மீட்டருக்கு 100 கிலோ மண் கடந்து போயிருக்கிறது. இது 'கடந்து போன' மண். அந்த நிலம் இழந்த மண் அல்ல. உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் கழித்துப் பார்த்தால்தான் இழப்பு தெரியும். அதற்காகவே ஒரே வயலில் பல கம்பங்கள் நடுகிறார்கள். புதியவர்கள் மிக அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான்: ஒரே கம்பத்தின் எடையை எடுத்து, ஹெக்டேருக்கு இத்தனை டன் இழப்பு என்று எழுதிவிடுவார்கள்.

அடுத்த தவறு உயரம். துள்ளும் மணல் உயரம் கூடக் கூட வெகுவேகமாகக் குறையும். கம்பத்தின் அடியில் காற்று பள்ளம் பறித்து, தரைக்கும் வாய்க்கும் உள்ள தூரம் 3 செ.மீ. மாறினாலே, பிடிபடும் மண் மூன்றில் ஒரு பங்கு வரை மாறிவிடக்கூடும். ஒவ்வொரு முறை போகும்போதும், புட்டியைக் கழற்றுவதற்கு முன்பு, அளவுகோலால் தரையிலிருந்து ஒவ்வொரு வாயின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். கழற்றிய பிறகு அளந்தால், உங்கள் கால்தடமே தரையை மாற்றியிருக்கும். காற்று வரும் பக்கமாக நின்று வேலை செய்யவும் கூடாது. நீங்கள் கிளப்பும் மண்ணும் புட்டிக்குள் போகும்.

மிக நைசான துகள்கள் காற்றோடு சேர்ந்து பொறியை விட்டு வெளியேறிவிடும். எனவே இந்தப் பொறிகள் மணலுக்கு நம்பகம். தில்லி வரை வரும் புழுதிக்குக் குறைத்தே சொல்லும். அதற்குத் தனியாக, ஒளிச்சிதறலை வைத்துத் துகள்களை எண்ணும் கருவிகள் வேண்டும்.

புட்டிகள் மாதத்துக்கு எவ்வளவு என்று சொல்லும்; எந்த நிமிடத்தில் என்று சொல்லாது. அதற்குத் தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் அழுத்தினால் மின்துடிப்பு தரும் ஓர் அழுத்தமின் படிகத்தை நட்டுவைக்கிறார்கள். மணல்மணி மோதும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துடிப்பு. துடிப்பு தொடங்கிய நிமிடத்தின் காற்றுவேகம்தான் அன்றைய வாசல். மழைத்துளி பட்டாலும் துடிக்கும் என்பதால், மழைமானி அசைந்த நேரத்துத் துடிப்புகளைத் தள்ளிவிட வேண்டும்.

தரை என்ன நிலையில் இருக்கிறது

மேல்மண்ணின் ஈரம், மழைக்குப்பின் இறுகும் ஓடு, செடிகளுக்கு நடுவேயுள்ள வெற்றிடம். வாசலை ஏற்றி இறக்குபவை முக்கியமாக இம்மூன்றும். மணலில் ஓரிரு சதவீத ஈரமே அதைக் கட்டிப்போடப் போதும். ஆனால் பாலைவன வெயிலில் மேலேயுள்ள சில மில்லிமீட்டர் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். 5 செ.மீ. ஆழத்தில் புதைத்த ஈரமானி அப்போதும் 'ஈரம்' என்று காட்டிக்கொண்டிருக்கும். மேலே மணல் பறக்கும். அதை நம்பி, மழை பெய்த மறுநாளைக் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது.

இறுகிய ஓட்டை உடைப்பவை ஆட்டுக்குளம்பு, ஒட்டகம், ஜீப் சக்கரம், டிராக்டர் கலப்பை. ஒரே ஜீப் தடத்திலிருந்து மட்டும் புழுதி எழுவதைப் பாலைவனத்தில் பார்க்கலாம். கருவிக்குப் போகும் வண்டியே அந்த வேலையைச் செய்யும் என்பதால், 200 மீட்டர் தள்ளி, காற்று போகும் பக்கத்தில் நிறுத்திவிட்டு நடப்பது நல்லது.

செடிகளுக்கு ஒரு டேப் போதும். 50 மீட்டர் டேப்பை நேராக விரித்து, ஒரு செடியின் விளிம்பிலிருந்து அடுத்த செடியின் விளிம்பு வரையுள்ள இடைவெளிகளை எழுதிக்கொண்டே போக வேண்டும். மொத்தத்தில் எத்தனை சதவீதம் செடி என்பதைவிட, பெரிய இடைவெளிகள் எத்தனை என்பதே காற்றுக்கு முக்கியம். ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் சேவண் புல், போக் புதர், வன்னி மரம் ஆகியவை இந்தக் கணக்கில் வரும். நம் ஊர்க் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னிதான் ராஜஸ்தானின் கேஜ்ரி.

ஆளில்லாத இடத்தில் கருவி

12 வோல்ட் பேட்டரி, 20 வாட் சோலார் பேனல், டேட்டா லாகர், செய்தி அனுப்பும் மோடம். லாகரும் உணரிகளும் சராசரி 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு அரை ஆம்பியர்-மணி. மோடம் மணிக்கொரு முறை ஒரு நிமிடம் 1 ஆம்பியர் இழுத்தால் இன்னொரு 0.4. மொத்தம் 0.9. பேட்டரி 26 ஆம்பியர்-மணி என்றால், ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் தீர்க்கக் கூடாது என்பதால், வெயிலே இல்லாமல் 14 நாள் ஓடும். காகிதத்தில் தாராளம். ஆனால் ராஜஸ்தானின் பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் அதைவிட அதிகம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இந்த வகை பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொது விதி. பெட்டியைப் பேனலின் நிழலில் வைக்கவும், அல்லது பேட்டரியை மட்டும் மண்ணுக்குள் புதைக்கவும். பேனலை 40 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் குளிர்கால வெயிலும் நன்றாகப் படும், புழுதியும் தங்காமல் வழியும்.

மழைமானிதான் இங்கே பெரிய ஏமாற்றுக்காரன். 0.2 மி.மீ.க்கு ஒருமுறை கவிழும் சிறு வாளியின் புனலில் மணல் அடைத்துக்கொண்டால், பெய்த மழை பதிவாகாது. பிறகு மூன்று நாள் சொட்டுச் சொட்டாக இறங்கி, மழையே இல்லாத நாளில் மழை காட்டும். ஜைசல்மேரில் ஆண்டு மழையே ஏறத்தாழ 200 மி.மீ.தான், அதில் ஒரு மழையைத் தவறவிட்டாலும் அந்த ஆண்டின் கணக்கு கோணலாகும். எலிகள் கேபிளைக் கடிக்கும்: இரும்புக் குழாய்க்குள் விடுங்கள். ஒட்டகம் கம்பத்தில் உடம்பைத் தேய்க்கும்: முள்வேலி போடுங்கள், ஆனால் வேலி காற்றைத் தடுக்காத தூரத்தில். மணற்புயலில் பறக்கும் மணிகள் மின்னூட்டம் பெறுவதால், சரியாக எர்த் செய்யாத லாகர் புயலின் உச்சத்தில்தான் உளறும்.

வந்த எண்களைச் சலித்துப் பார்க்கச் சில கேள்விகள் போதும். மேல் அனிமோமீட்டர் 3 காட்டும்போது கீழே பூஜ்யமா? பேரிங் போய்விட்டது. காற்றின் திசை மணிக்கணக்கில் ஒரே எண்ணா? திசைகாட்டி சிக்கிக்கொண்டது. பேட்டரியின் வோல்ட் பகலிலும் ஏறவில்லையா? பேனலில் புழுதி, அல்லது பேனலே களவு போயிற்று.

இந்தியாவில் இந்த வேலையின் தலைமையிடம் ஜோத்பூரில் 1959இல் அமைந்த மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம். நாடு முழுவதற்குமான பெரிய படத்தைச் செயற்கைக்கோளிலிருந்து வரைவது இஸ்ரோவின் அகமதாபாத் மையம். அதன் 2021 வரைபடத் தொகுப்பின்படி, நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 5.5 சதவீதம் காற்று அரிப்பால் சீர்கெட்ட நிலம். தாரில் காற்று மார்ச், ஏப்ரலில் கூடத் தொடங்கி ஜூனில் உச்சம் தொடும். பருவமழை வந்து தரையை நனைத்ததும் அடங்கும்.

மொட்டை மாடியில்

தில்லி மாடியில் துள்ளும் மணல் இல்லை என்பதால் புட்டிப் பொறியால் பயன் குறைவு. மேலிருந்து படியும் புழுதியை அளக்கலாம். 30க்கு 40 செ.மீ. தட்டு ஒன்று, அதில் இரண்டு அடுக்குக் கோலிக்குண்டுகள். புழுதி குண்டுகளுக்கு இடையே இறங்கிவிட்டால் அடுத்த காற்று அதை மீண்டும் தூக்காது. வெறும் தட்டில் பாதி பறந்துவிடும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். மாதக் கடைசியில் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரால் குண்டுகளைக் கழுவி, அந்த நீரைக் காயவைத்து, தங்கம் நிறுக்கும் சிறு தராசில் எடை பாருங்கள். குழாய் நீர் வேண்டாம்; அதிலுள்ள உப்பே புழுதியாக எடையில் சேரும். தட்டின் பரப்பு 0.12 சதுர மீட்டர், 0.6 கிராம் கிடைத்தால் சதுர மீட்டருக்கு 5 கிராம்.

மழை பெய்த மாதத்தில் தட்டு நிரம்பி வழிந்திருந்தால் அந்த அளவைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். தட்டின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கம்பி கட்டவும் மறக்க வேண்டாம். தில்லியில் இந்த அளவீட்டுக்கு முதல் எதிரி புறா.